திருப்பித் தட்டியவள்

பங்காருபேட்டையில் இறங்கி, தங்கவயலுக்குப் போகும் சின்ன ரயில் வண்டிக்கு மாறி உட்கார்ந்தாள் ஜெயசீலி. அறுபத்தைந்தாம் வருஷத்து டிசம்பர் மாதம். மடியில் ஒரு மரப்பெட்டி. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்து எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா அது, ஆர்மோனியமா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, சீட்டு" என்றாள் ஜெயசீலி.

சீட்டாடுகிற பொம்பளை என்று நினைத்தாளோ என்னவோ, அந்த அம்மாள் அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வருத்தமும் வந்தது. காலையிலிருந்து அவளோடு பேசிய முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

பெட்டியில் இருந்தது ஆடுகிற சீட்டு அல்ல. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வாக்கியம் எழுதியிருக்கும். 'எனக்கு நன்றாகப் பசிக்கிறது.' 'கூட்டத்தில் இருந்தாலும் தனியாக இருப்பது போலத் தோன்றுகிறது.' தனக்குப் பொருந்தினால் ஆம், பொருந்தாவிட்டால் இல்லை. நூற்றுக்கணக்கான வாக்கியங்களுக்கு இப்படிப் பதில் வாங்கிக் கூட்டிப் பார்த்தால், ஒருவனுடைய மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு கோட்டுப்படம் கிடைக்கும். வெளிநாட்டில் உண்டான பரீட்சை. பெங்களூரில் அவள் வேலை பார்த்த மனநல ஆஸ்பத்திரியில் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் ஜெயசீலியும் ஒருத்தி.

அந்தச் சீட்டுகளில் ஒன்றை மட்டும் அவள் இப்போதெல்லாம் வேகமாகத் தள்ளிவிடுவாள். 'எனக்காகக் காத்திருக்க ஒருவர் இருக்கிறார்.' படிக்கிற காலத்தில் மாணவர்கள் எல்லோரும் அந்தப் பரீட்சையைத் தாங்களே எழுதிப் பார்க்கவேண்டும். அன்றைக்கு அவள் யோசிக்காமல் 'ஆம்' என்று போட்டாள். வேலை விட்டு வரும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அப்பா இருந்தார். இந்த ஜூனில் அவரும் போய்விட்டார். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெண்கள் விடுதிக்குக் குடிபோனாள். முப்பத்தைந்து வயதுக்காரிக்குக் கல்யாணப் பேச்சு எடுக்க இனி யாரும் இல்லை.

சுரங்கத்து டாக்டர் ஜம்புலிங்கம் ஸ்டேஷனுக்கே ஜீப் அனுப்பியிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கும் பொறுமை கிடையாது.

"ஒரு ஆளுதாம்மா. சின்னப்பான்னு பேரு. ரெண்டு மாசம் முன்னாடி கீழே ஏர் பிளாஸ்ட் ஆச்சு. பாறை தானா வெடிக்கும், தெரியுமில்ல? இவன் தப்பிச்சான், கூட வேலை செஞ்சவன் உள்ளே மாட்டிக்கினான். பாடி கிடைக்கல. அன்னிலேர்ந்து இவன் வாயைத் திறக்கல, கீழே இறங்கவும் மாட்டேங்கிறான். உடம்புல ஒண்ணுமில்ல. நடிக்கிறானா, நிஜமாவே மூளை கெட்டுப்போச்சான்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"நடிப்புன்னு எழுதினா?"

"வேலை போகும். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்."

"மூளைக் கோளாறுன்னு எழுதினா?"

"உங்க பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்" என்றார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரிக்குள் போய் வெளியே வராமலே போனவர்களை ஜெயசீலிக்குத் தெரியும். இரண்டில் எது வந்தாலும் சின்னப்பாவின் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். மூன்றாவதாக ஒன்று உண்டு. மனசு நேராகத்தான் இருக்கிறது, அடிபட்டிருக்கிறது, மேலேயே ஒரு வேலை கொடுங்கள் என்று எழுதலாம். ஆனால் அதற்குப் பரீட்சை ஒத்துழைக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் அமைதியான அறை இல்லை என்று, அவள் தங்கவும் பரீட்சை நடத்தவும் தங்கவயலிலேயே பாலகாட் என்ற பகுதியில் ஒரு பழைய பங்களாவை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துச் சுரங்கம் எப்போதோ மூடிப்போனது. பங்களாவைச் சுற்றி யாரும் குடியில்லை. பின்னால், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு மலைபோல வெளுத்துக் கிடந்தது. காற்றடித்தால் அந்த மண் எழும்பி ஜன்னல் கண்ணாடியில் உரசும். சாவி வைத்திருந்த கிளாரன்ஸ் காலையில் டீ கொண்டுவந்து வைப்பார், சாயங்காலம் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருவார், "குட் நைட் மேடம்" என்று பொழுது சாயும் முன்பே கிளம்பிவிடுவார்.

"இந்த ஊருக்கு அடியில பூரா வெறும் பொந்து மேடம்" என்றார் முதல் நாளே. "நாம நிக்கிற இடத்துக்குக் கீழேயும் ஓடுது. பயப்படாதீங்க. ரொம்ப ஆழம்."

சின்னப்பாவை அவன் மனைவி நாகம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நல்ல உயரம், நாற்பது வயது இருக்கும். கண் மட்டும் தரையை விட்டு எழும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவன் முதலில் இரண்டு காலையும் தூக்கிக் குறுக்குக் கட்டைமேல் வைத்துக்கொண்டான்.

"ஊமையாட்டம் குந்திக்கினு கீறாரும்மா" என்றாள் நாகம்மா. "எங்க பௌத்த சங்கத்துல புத்தர் படத்தாண்ட எவ்ளோ அழகாப் பேசுவாரு தெரியுமா? நீங்கதாம்மா பார்க்கணும்." சொல்லிவிட்டு வெளியே மரத்தடிக்குப் போய்விட்டாள். பரீட்சையின்போது பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது.

சீட்டுகளை அவன் கையில் கொடுத்துப் பார்த்தாள். அவன் விரல்களை மூடவே இல்லை, அத்தனையும் தரையில் கொட்டிவிட்டன. சரி, நானே படிக்கிறேன் என்றாள். "ஆமான்னா மேசையில ஒரு தரம் தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தரம்."

அது அவளுடைய வழக்கம். பேசாத நோயாளிகளிடம் எல்லாம் அப்படித்தான் செய்வாள். தலை குனிந்து படித்து, தட்டலைக் காதால் கேட்டு, குனிந்தபடியே குறித்துக்கொண்டு போகலாம். நேரம் மிச்சம். குறித்து முடித்ததும் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் 'டக்' என்று ஒரு தட்டு தட்டுவாள். எழுதிக்கொண்டேன், அடுத்தது என்று அர்த்தம்.

முதல் வாக்கியத்துக்குச் சின்னப்பா வெகுநேரம் கழித்துத்தான் தட்டினான். அவள் குறித்துவிட்டுப் பென்சிலால் தட்டினாள்.

சின்னப்பா துள்ளி எழுந்தான்.

வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் பென்சிலைப் பார்த்து ஆட்டினான், தரையைப் பார்த்து ஆட்டினான். 'திடீர்ச் சத்தத்துக்கு அச்சம்' என்று ஜெயசீலி ஓரத்தில் எழுதிக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க, உட்காருங்க" என்று தட்டிக் கொடுத்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவன் உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் பரீட்சை மளமளவென்று ஓடியது. வாக்கியம், தட்டல், பென்சில். வாக்கியம், தட்டல், பென்சில். மறுநாள் இன்னும் வேகம். அவள் படித்து முடிக்கும் முன்பே பதில் வந்தது. ஆள் பழகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டாள். அறையில் மட்டும் என்னவோ ஒரு நெடி. தீபாவளி முடிந்த மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வெடிமருந்து வாடை. வெளியே டிசம்பர்க் குளிர், கிளாரன்ஸ் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தார். ஜெயசீலியின் காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை கதகதவென்று இருந்தது.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இந்தப் பரீட்சையில் ஒரு பொறி உண்டு. ஒரே சங்கதியை வேறு வேறு வார்த்தையில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கும். உண்மை பேசுகிறவன் இரண்டிலும் ஒன்றாகவே சொல்வான். பொய்க்காரன் முன்னே சொன்னதை மறந்துவிட்டு மாற்றிச் சொல்வான். சின்னப்பாவின் பதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. 'என் வீட்டார் என்மேல் பிரியமாக இருக்கிறார்கள்' என்றதற்கு ஆம். 'வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு யாரும் இல்லை' என்றதற்கும் ஆம். வேளைக்குச் சாப்பிடுகிறானாம், ஆனால் எந்நேரமும் பசிக்கிறதாம். பரீட்சை சொல்கிறபடி எழுதினால் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதமுடியும். நடிப்பு.

மறுநாள் காலையில் நாகம்மா மட்டும் தனியாக வந்தாள். கையில் ஒரு தூக்கில் புளிச்சோறு. "எழுதிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜெயசீலிக்கு மனசு கேட்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொன்னாள். "வீட்டில யாரும் இல்லைன்னு சொல்றாருங்க. எப்பவும் பசிக்குதுன்னு சொல்றாரு. உடம்பெல்லாம் எரியுது, மூச்சு முட்டுதுன்னு..."

நாகம்மாவின் அழுகை நின்றது.

"அவருக்கு நான் கீறேன், ரெண்டு பசங்க கீறாங்க. யாரும் இல்லாதவன் முனிரத்தினந்தாம்மா. உள்ளயே மாட்டிக்கினாரே, அவரு. கல்யாணம் இல்ல, காட்சி இல்ல. சோறு எங்க வூட்லதான். போனப்புறம் அழுறதுக்குக்கூட எங்களை வுட்டா நாதி இல்ல." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மா, தட்டினது இவருதானா? நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.

இரண்டு நாளும் பதில் குறிக்கையில் தலையை நிமிர்த்தவே இல்லை. மனுஷன் மனசை அளக்க வந்தவள், எதிரில் இருந்த மனுஷன் பதில் சொன்னபோது முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. ஜெயசீலிக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

அன்று மத்தியானம் சின்னப்பாவை மறுபடி உட்காரவைத்தாள். வெளியே பளீரென்று வெயில், சயனைடு மேடு கண்ணைக் கூசவைத்தது. "ரெண்டு கையும் மேசைமேல விரிச்சு வைங்க. காலை மேல தூக்கி வச்சுக்குங்க. தட்டவேண்டாம். தலையை ஆட்டினாப் போதும், நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

சீட்டை எடுத்தாள். "என் வீட்டார் என்மேல் பிரியமாக இருக்கிறார்கள்."

சின்னப்பா ஆமாம் என்று தலையசைத்தான். விரித்த கைகள் அசையவில்லை.

டக். டக்.

இல்லை.

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. கல்லின்மேல் கல்லை வைத்துத் தட்டுகிற சத்தம். வெகு ஆழத்திலிருந்து கிளம்பி, மேலே வந்து சேரும்போது தேய்ந்து, ஆனாலும் தெளிவாக.

ஜெயசீலிக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஓடினால் சின்னப்பா கதை முடிந்தது, பொய்க்காரன் என்றே காகிதத்தில் நிற்பான். அடுத்த சீட்டை எடுத்தாள். படித்தாள்.

"எனக்கு வெளிச்சத்தைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது."

சின்னப்பாவின் தலை அசைந்தது. கீழிருந்து ஒரு தட்டல் அவசரமாக வந்தது.

"கூட்டத்தில் இருந்தாலும் தனியாக இருப்பது போலத் தோன்றுகிறது."

சின்னப்பா இல்லை என்றான். கீழே வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு தட்டல்.

இப்படியே படித்துக்கொண்டு போனாள். எதிரில் இருந்தவன் சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று பிசகவே இல்லை. துக்கப்படுகிற, பயந்திருக்கிற, ஆனால் நேரான ஒரு மனுஷன். கீழே இருந்தவனுடைய பதில்களும் பிசகவில்லை. ஒரே அறையில் இரண்டு பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள்; முந்தின இரண்டு நாளும் எந்தத் தட்டல் முந்தி வந்ததோ அதை அவள் ஒரே ஆளுடையதாகக் குறித்திருந்தாள். இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு ஆசையாகப் பதில் சொன்ன ஆளை அவள் கண்டதில்லை. அவனை யாரோ விசாரிக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய், உனக்குப் பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்க, கடைசியில் ஒரு குரல் வந்திருக்கிறது. அதை நினைத்ததும் பயத்தையும் மீறி அவளுக்கு அழுகை முட்டியது. ஆறு மாதமாக அவளையும் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

சீட்டுக்கட்டில் கடைசியாக ஒரு சீட்டு மிச்சம் இருந்தது.

"யாராவது என்னைத் தேடி வருவார்கள் என்று நம்புகிறேன்."

சின்னப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

டக்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயசீலி குறித்தாள். கை பழக்கதோஷம். பென்சிலைத் திருப்பி மேசையில் ஒரு தட்டு தட்டினாள்.

"தட்டாதீங்கம்மா!"

இரண்டு மாதம் திறக்காத வாய். துருப்பிடித்த கீல் போலக் கரகரத்தது அந்தக் குரல்.

"திருப்பித் தட்டாதீங்க. கீழ யாரும் வெளாட்டுக்குத் தட்ட மாட்டாங்கம்மா. மாட்டிக்கினவன் தட்டுவான். மேலக்கீறவன் திருப்பித் தட்டினா, வந்துக்கினே கீறேன், உன்னை வுட மாட்டேன்னு வாக்கு. தட்டிட்டா போயே ஆவணும்." அவன் மூச்சு வாங்கினான். "அன்னிக்கு நான் உள்ள காத்து போற பைப்புல காதை வச்சேன். முனிரத்தினம் தட்டினான். நான் திருப்பித் தட்டினேன். நாலஞ்சு பேரு சேர்ந்து தோண்டிக்கினுதான் இருந்தோம். மறுபடி பாறை வெடிக்க ஆரமிச்சிச்சி. எல்லாரையும் கேஜு லிப்டுல ஏத்தி மேல கொண்டாந்துட்டாங்க. அப்பவும் அவன் தட்டிக்கினே இருந்தான்."

"அதனாலதான் பேசாம இருந்தீங்களா?"

"என் வூட்டுத் தரையில தட்றான்மா. வாயைத் தொறந்தா எங்க பதில் சொல்லிடுவனோன்னு இருந்தேன்." அவன் முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது, இரக்கமும் இருந்தது. "இப்போ நீங்க சொல்லிட்டீங்க. மூணு நாளா எத்தினி வாட்டி சொல்லிட்டீங்க."

அறிக்கையை அன்றே எழுதினாள். நோயாளி நடிக்கவில்லை, மனநோயும் இல்லை, பெருந்துக்கம், நிலத்துக்கு மேலே வேலை கொடுத்தால் தேறிவிடுவார். டாக்டர் ஜம்புலிங்கம் முகத்தைச் சுளித்தார். ஆனால் ஊமை பேசிவிட்டதை அவரே காதால் கேட்டதால் மறுக்கமுடியவில்லை. லாம்ப் ரூமில், விளக்குகளைத் துடைத்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்குச் சீட்டு எழுதினார்.

"டாக்டர், முனிரத்தினம் மாட்டிக்கிட்ட அந்தச் சுரங்க லெவலை மறுபடி திறப்பாங்களா?" என்று கேட்டாள் ஜெயசீலி.

"அதையா? மணலைப் போட்டு ரொப்பியாச்சும்மா. இனிமே யாராலயும் போகமுடியாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள்.

ஸ்டேஷனுக்குச் சின்னப்பாவைக் கூட்டிக்கொண்டு நாகம்மா வந்திருந்தாள். முகம் பூரித்திருந்தது. "நேத்து ராத்திரி குறட்டை வுட்டுத் தூங்கினாரும்மா. வூட்டுத் தரையில ஒரு சத்தம் இல்ல. அது எங்கதான் போச்சோ!" என்றாள். வண்டி நகர்ந்தது. சின்னப்பா கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் அவளைப் பார்க்காமல், வண்டியின் சக்கரத்துக்குக் கீழே பார்த்துக் கும்பிட்டான்.

பெங்களூரில் ஜெயசீலி பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவுக்கு மாறினாள். நோயாளிகள் முகத்தைப் பார்த்து, பதிலைக் கேட்டு, சத்தமில்லாமல் குறித்துக்கொண்டாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விடுதியில் எல்லோரும் ஊருக்கும் சினிமாவுக்குமாகப் போயிருந்தார்கள். மாடியில் அவள் அறை மட்டும் திறந்திருந்தது. வேப்பமரத்து நிழல் சுவரில் ஆடியது. செய்ய வேலை எதுவும் இல்லை. பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, பழசாகிப்போன சீட்டுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சீட்டு கைக்கு வந்தது. இந்தத் தரம் தள்ளிவிடத் தோன்றவில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்று வாய்விட்டே படித்தாள்.

"எனக்காகக் காத்திருக்க ஒருவர் இருக்கிறார்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

சிவப்புச் சிமெண்டுத் தரை பாதத்துக்குக் கீழே மெல்லச் சூடேறியது. தீபாவளிக்கு மறுநாள் தெருவின் வாடை. மேசைக்கு அடியில், அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு தட்டல் கேட்டது.

அப்புறம் அவள் திருப்பித் தட்டுவதற்காக அறை முழுவதும் காத்திருந்தது.